மஞ்ச மூஞ்சியைத் திட்டும் உரிமை

எர்சிலியாவை நல்லவள் என்று ஃபொர்செல்லா தெருவில் யாரும் சொன்னதில்லை. நல்ல தொண்டை என்று சொல்வார்கள். பாடுகிற தொண்டை இல்லை, திட்டுகிற தொண்டை. தெருமுனையில் சிப்பித் தொட்டியை வைத்துக்கொண்டு அவள் ஒரு சத்தம் போட்டால், நாலாவது மாடியில் துணி உலர்த்துகிறவள் கையிலிருந்து கிளிப் நழுவிக் கீழே விழும். ஐம்பத்தெட்டு வயதிலும் அந்தத் தொண்டை கம்மவில்லை.

வருஷத்தில் மூன்று தடவை அதை அவள் பேராலயத்துக்குக் கொண்டுபோவாள். மே மாதம் ஒரு தடவை, செப்டம்பர் பத்தொன்பது ஒரு தடவை, டிசம்பரில் ஒரு தடவை. அந்த நாட்களில் ஊரின் காவல் புனிதர் சான் ஜென்னாரோவின் உறைந்த ரத்தம் கண்ணாடிக் குப்பிக்குள் இளக வேண்டும். இளகாவிட்டால் நேப்பிள்ஸுக்குக் கேடு. இளக வைப்பது குருவானவரின் வேலை என்று வெளியூர்க்காரன் வேண்டுமானால் நினைத்துக்கொள்ளட்டும். குருவானவர் குப்பியைத் தலைகீழாகச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார், அவ்வளவுதான். இளக வைப்பது பீடத்துக்கு முன்னால் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிற பன்னிரண்டு கிழவிகளின் வேலை.

அவர்களுக்கு உறவுக்காரிகள் என்று பெயர். புனிதரின் தலையை வெட்டிய அன்று, தரையில் கிடந்த ரத்தத்தை வழித்துக் குப்பியில் பிடித்தவள் எயுசேபியா, அவருக்குப் பாலூட்டி வளர்த்தவள். அவள் வழியில் வந்தவர்கள் நாங்கள் என்பது இவர்கள் பேச்சு. எழுத்தில் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. சீட்டு எங்கே என்று கேட்ட ஒரு பத்திரிகைக்காரனை இவர்கள் வாங்கு வாங்கென்று வாங்கியதில் அவன் தொப்பியை விட்டுவிட்டே போய்விட்டான். பால் கொடுத்த வீட்டுக்காரிக்குப் பிள்ளையைக் கண்டிக்கவும் உரிமை உண்டு என்பது இவர்கள் கட்சி. மற்ற யாரும் புனிதரை ஒரு வார்த்தை சொன்னால் அது பாவம். இவர்கள் சொன்னால் அது ஜெபம்.

அதிலும் ஒரு முறை இருக்கிறது. முதலில் பழைய பாஷையில் மன்றாட்டு மாலை. பிறகு கொஞ்சல், என் கண்ணே, என் தங்கமே என்று. பிறகு அழுகை. அதற்கும் மசியாவிட்டால்தான் திட்டு. சீக்கிரம் திட்டினால் திமிர், தாமதமாகத் திட்டினால் குருவானவர் குப்பியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். நேரம் பார்த்து முதல் வார்த்தையைத் தொடங்க ஒருத்தி வேண்டும். எர்சிலியாவின் அம்மா தொடங்குகிறவளாக இருந்தாள். அவள் செத்த வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தைந்தில், அந்த நாற்காலி எர்சிலியாவுக்கு வந்தது. பொன்முலாம் பூசிய புனிதரின் மார்பளவுச் சிலையைப் பார்த்து, "மஞ்ச மூஞ்சி, காது கேக்குதா இல்லியா?" என்று அவள் ஆரம்பித்தால், மற்ற பதினொரு பேரும் பிடித்துக்கொள்வார்கள்.

அவள் வெறும் வசவு வைக்கமாட்டாள். விஷயத்தோடு திட்டுவாள். "நாங்க மழையில சட்டிய வச்சு ஒழுகற தண்ணியப் புடிக்கிறோம், நீ வெள்ளிக் கூரைக்குக் கீழ உக்காந்து எங்களையே பாத்துட்டு இருக்க" என்பாள். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் முந்தின நாள் தெருப் பெண்கள் அவள் வாசலில் வந்து நிற்பார்கள். என் மகனைப் பட்டறையிலிருந்து நிறுத்திவிட்டார்கள், அதையும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள். எங்கள் வீட்டுக்காரன் ஈரச் சுவரைப் பூசித் தரமாட்டேன் என்கிறான், அதையும் சேர்த்துக்கொள். எர்சிலியா எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வாள். ஒன்றையும் மறக்கமாட்டாள். மறுநாள் ஒரு தெருவின் வயிற்றெரிச்சல் முழுவதும் அந்த மஞ்சள் முகத்தில் போய் விழும்.

அவளுக்குச் சொந்த வயிற்றெரிச்சலும் இல்லாமல் இல்லை. நாற்பத்து மூன்றில் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது அவள் புருஷன் பக்கத்துத் தளத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். கப்பலில் தீப்பிடித்துப் பல மணி நேரம் ஆகியும், ஓடுங்கள் என்று ஒருவனும் வந்து சொல்லவில்லை. யார் சொல்லியிருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்க யாராலும் முடியவில்லை. எர்சிலியா நாற்காலி கிடைத்த முதல் வருஷமே புனிதரை அதற்காக ஒரு மணி நேரம் நிறுத்தாமல் திட்டினாள். அன்றைக்கு ரத்தம் இளகியது. அவள் வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டாள்.

இப்படியே இருபத்தெட்டு வருஷம் போனது. எழுபத்து மூன்று ஆகஸ்ட் கடைசியில் ஊருக்குள் காலரா வந்தது.

முதல் நாலு பேர் செத்ததுமே பேப்பரில் போட்டுவிட்டார்கள், சிப்பியால் வந்தது என்று. கிருமியைக் கொல்லும் என்று ஊரே எலுமிச்சம்பழத்துக்கு அடித்துக்கொண்டது. ஊசி போட வரிசை நின்றது, வரிசையில் சண்டை வந்தது, மண்டை உடைந்தது. தெருவில் சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றினார்கள். முப்பது வருஷமாகக் குப்பை அள்ளாத தெருவை மூன்று நாளில் இரண்டு தடவை அள்ளினார்கள். இதையெல்லாம் முன்பே செய்ய இவர்கள் கையை யார் கட்டிப்போட்டது என்று எர்சிலியா கேட்டாள். கேட்டு என்ன, சிப்பித் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்கிறவளுக்கு யார் பதில் சொல்வார்கள்.

செப்டம்பர் முதல் வாரத்தில் நாவிதர் லிபோரியோவைக் காய்ச்சல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் மனைவி ரக்கேலே, உறவுக்காரிகளில் மூத்தவள். எழுபது வயது. தோன்னா ரக்கேலே என்று பெயருக்கு முன்னால் மரியாதை சேர்க்காமல் யாரும் அவளைக் கூப்பிடமாட்டார்கள். முதல் வரிசையில் யார் எங்கே உட்காருவது என்பதை அவள்தான் சொல்வாள். மறுநாள் காலை அவள் இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு தெருமுனைக்கு வந்தாள்.

"இதுல இன்னும் எத்தனை பேர வச்சிருக்க?" என்றாள், தொட்டியைக் காட்டி.

"என்னது எத்தனை பேர்?"

"எங்க வீட்டு மனுஷன் ஒருத்தர் ஆச்சு. இன்னும் எத்தனை பேருக்கு உள்ள ஊற வச்சிருக்க?"

எர்சிலியா சிப்பி திறக்கிற கத்தியைக் கீழே வைத்தாள். "லிபோரியோ அண்ணன் ஞாயித்துக்கிழமை இங்கதான் தின்னாரு, நான் இல்லேங்கல. பன்னண்டு தின்னாரு. நீங்க ஆறு தின்னீங்க தோன்னா. நான் காலையிலேர்ந்து தின்னுட்டே இருந்தேன். ஒரே தொட்டி. உங்களுக்கு ஏன் வரல, எனக்கு ஏன் வரல?"

"உனக்கு எப்படிடி வரும்? காலராவே உன்னப் பாத்தா அடுத்த தெரு வழியா ஓடிரும்."

கூட வந்த இருவரும் சிரித்தார்கள். எர்சிலியாவுக்கும் வேறொரு நாளாக இருந்தால் சிரிப்பு வந்திருக்கும். ரக்கேலே சிரிக்கவில்லை. குனிந்து தொட்டியின் ஓரத்தைப் பிடித்துக் கவிழ்த்தாள். எழுபது வயதுக் கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. கறுப்புச் சிப்பிகள் கடல்தண்ணீரோடு தெரு முழுக்க ஓடின. மாடிகளில் எல்லாச் சன்னலும் திறந்துதான் இருந்தது. முந்தின மே மாதம் ஈரச் சுவருக்காகவும் மகன் வேலைக்காகவும் வாசலில் வந்து நின்ற எல்லா முகமும் அந்தச் சன்னல்களில் இருந்தது. ஒரு வாய்கூடத் திறக்கவில்லை. ஒருத்தி மட்டும் வாளியோடு இறங்கி வந்தாள். எர்சிலியா உதவிக்கு என்று நினைத்தாள். அவள் சிப்பிகள் மேல் சுண்ணாம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு, எர்சிலியாவின் முகத்தைப் பார்க்காமல் மாடிப்படி ஏறிப் போனாள்.

எர்சிலியா அன்றைக்கு ஏன் கத்தவில்லை என்று பிறகு பல பேர் கேட்டார்கள். காரணம் இருந்தது. அவள் சேர்த்துவைத்தாள். "பத்தொம்போதாம் தேதி வரட்டும்" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கு முன்வரிசையில் உட்கார்ந்து, இந்தத் தெருவையும் இந்த ஊரையும் சேர்த்து அந்த மஞ்ச மூஞ்சியின் முன்னால் நார் நாராகக் கிழிப்பது என்று முடிவு செய்துகொண்டாள். அவளுக்கு வேறு கோர்ட்டு ஏது, வேறு வக்கீல் ஏது.

அதே வாரத்தில் சாந்தா லூச்சியா கரையில் சிப்பி வளர்க்கிற கயிறுகளை அறுக்கக் கடற்படை முக்குளிப்பவர்கள் வந்தார்கள். அவற்றில் பாதி எர்சிலியாவின் தம்பி கதெல்லோவுடையது. அப்பா காலத்திலிருந்து அந்தக் கயிறுகளில்தான் இரண்டு குடும்பமும் தொங்கிக்கொண்டிருந்தது. எர்சிலியா கரைச் சுவரோரம் தம்பியோடு நின்று பார்த்தாள். கறுப்பு உடுப்புப் போட்டவர்கள் முங்குவதும் எழுவதும், கொத்துக் கொத்தாகச் சிப்பியோடு கயிறு படகில் ஏறுவதும் தெரிந்தது. சுவர் நெடுக ஜனம். ஒவ்வொரு கயிறு ஏறும்போதும் கைதட்டினார்கள்.

"நல்லா வேணும். ஊரையே கொன்னுட்டானுங்க" என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர். இஸ்திரி போட்ட சட்டை, தங்கக் கடிகாரம்.

எர்சிலியா திரும்பினாள். "ஐயாவுக்கு வீடு எங்க?"

"ஏன், மேல. பொசில்லிப்போ குன்றுப் பக்கம்."

"உங்க வீட்டுக் கக்கூசு எங்க போகுதுன்னு தெரியுமா?"

எர்சிலியா கடல் பக்கம் கையை நீட்டினாள்.

"நான் காட்டறேன். அதோ அந்தக் குழாய் தெரியுதா, பாறைக்கு அந்தாண்ட. அங்கதான் வந்து விழுது. முப்பது வருஷமா உங்க பீயத் தின்னுட்டு இந்தச் சிப்பி உங்களுக்கே ருசியா வந்துச்சு. இப்ப அதத் தூக்குல போட்டுட்டுக் கை தட்டறீங்க. குழாய அடைக்க ஒருத்தன் வந்தானா?"

"விடுக்கா" என்றான் கதெல்லோ. அவன் அழவில்லை. அழுதிருந்தால்கூட அவளுக்குத் தாங்கியிருக்கும். "எங்கேயோ வெளிநாட்டுலேர்ந்து வந்த சிப்பியிலதான் கிருமி இருந்துச்சுன்னு துறைமுகத்துல பேசிக்கிறாங்க. நம்ம கயித்துல ஒண்ணும் இல்லியாம்."

"அப்ப ஏன்டா அறுக்கிறானுங்க?"

"எதையாவது அறுக்கணும்ல."

எர்சிலியா இதையும் பத்தொன்பதாம் தேதிக்கு எடுத்துவைத்தாள்.

பதினெட்டாம் தேதி அவள் வாசலில் ஒருத்தியும் வந்து நிற்கவில்லை. காலையிலிருந்து கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டுக்காரி வாசல் வரை வந்தவள், இவளைப் பார்த்ததும் எதையோ மறந்துவிட்டவள்போல் உள்ளே போய்விட்டாள். மத்தியானம் பேராலயத்துக் கோயில்பிள்ளை ஓனோஃப்ரியோ வந்தார். மெழுகுவத்தி ஏற்றி, மணி அடித்து, நாற்காலி போடுகிற மனிதர். வெளியிலேயே நின்றார்.

"உள்ள வாங்க."

"இல்லம்மா, நின்னுட்டே சொல்லிடறேன். நாளைக்கு உங்க நாற்காலி போட வேணாம்னு சொல்லிட்டாங்க."

"யாரு? சாமியாரா?"

"சாமியாருக்கு இது தெரியவே தெரியாது. தோன்னா ரக்கேலேதான். மத்தவங்களும் சரின்னுட்டாங்க. பக்கத்துல உக்கார பயமா இருக்காம். பன்னண்டுக்குப் பதிலா பதினொண்ணு போடுன்னாங்க."

எர்சிலியா எழுந்தே விட்டாள். "உறவுலேர்ந்து என்னத் தள்ளி வைக்க அவ யாரு? எயுசேபியா அவ கனவுல வந்து சொல்லிட்டுப் போனாளா?"

ஓனோஃப்ரியோ நல்ல மனிதர். ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. "மனசுல வச்சுக்காதீங்க. பிரெஞ்சுக்காரன் ஊரப் புடிச்சப்ப, அவனுக்காக ரத்தம் இளகிருச்சுன்னு புனிதரையே பதவியிலேர்ந்து எறக்கிட்டு அந்தோணியார உக்கார வச்ச ஊரு இது. அவருக்கே அந்தக் கதி. உங்க நாற்காலி எம்மாத்திரம்."

"அப்புறம் எரிமலை பொகைஞ்சதும் யாரு கால்ல போய் விழுந்தாங்க? அந்தோணியார் கால்லயா?"

"இவர் கால்லதான்" என்று ஓனோஃப்ரியோ ஒத்துக்கொண்டார். பிறகு போய்விட்டார்.

எர்சிலியா கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். தொட்டி போனபோது இவ்வளவு வலிக்கவில்லை. கயிறு அறுந்தபோதுகூட இவ்வளவு இல்லை. சிப்பி விற்காமல் வேறு எதையாவது விற்கலாம், தம்பி வேறு படகில் கூலிக்குப் போகலாம். ஆனால் மேலே ஒருவன் இருக்கிறான், அவன் முகத்துக்கு நேரே நின்று இது அநியாயம் என்று கத்த எனக்குப் பாத்தியதை இருக்கிறது என்பதை வைத்துத்தான் அவள் இருபத்தெட்டு வருஷம் உயிர் வாழ்ந்தாள். அதைப் பதினொரு கிழவிகள் சேர்ந்து பிடுங்கிவிட்டார்கள். அதுவும் அவளுடைய திட்டைக் கேட்டே திட்டக் கற்றுக்கொண்ட கிழவிகள்.

மறுநாள் அவள் கறுப்பு உடுப்பைப் போட்டுக்கொண்டு பேராலயத்துக்குப் போனாள். போகாமல் இருப்பாள் என்று நினைத்தவர்களுக்கு அவளைத் தெரியாது. வழக்கமான கூட்டத்தில் பாதிகூட இல்லை. ஆளுக்கு ஆள் கை குலுக்காமல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார்கள். எர்சிலியா மூன்றாவது தூணோரம் போய் நின்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் இரண்டு அடி நகர்ந்துகொண்டார்கள். முன்வரிசையில் பதினொரு முதுகு தெரிந்தது. நடுவில் இருந்த இடைவெளியை நாற்காலிகளைக் கொஞ்சம் கொஞ்சம் தள்ளிப்போட்டு மூடியிருந்தார்கள்.

குப்பி வெளியே வந்தது. குருவானவர் சாய்த்தார். உள்ளே கறுப்பாக ஒரு கட்டி, அசையவில்லை. மன்றாட்டு மாலை ஒரு சுற்று முடிந்தது, இரண்டாவது முடிந்தது. விசுவாசப் பிரமாணம் சொன்னார்கள். கொஞ்சினார்கள். அழுதார்கள். அந்த அழுகை வேஷம் இல்லை, மூன்று வாரமாக ஊரில் பிணம் விழுந்துகொண்டிருந்தது. குருவானவர் மறுபடி சாய்த்தார். கல்லு. பதினொரு மணி ஆயிற்று, பதினொன்றரை ஆயிற்று. திட்டவேண்டிய நேரம் வந்துவிட்டது என்பது தூணோரம் நின்ற எர்சிலியாவின் தொண்டைக்குத் தெரிந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

முன்வரிசையில் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ரக்கேலே எழுந்து கம்பி அழியைப் பிடித்துக்கொண்டாள்.

"மஞ்ச மூஞ்சி" என்றாள். குரல் உடைந்தது. "கோவிச்சுக்காத. எங்க மேல கோவம் வச்சுக்காத. என்ன இருந்தாலும் நீதான் பெரியவன்."

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். அது திட்டா? மாமியாரிடம் உப்புக் கடன் கேட்கிற மருமகளின் பேச்சு. ரக்கேலேவுக்கும் தெரிந்தது. புருஷனை ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டு வந்தவளுக்குப் புனிதரைத் திட்ட நாக்கு எழவில்லை, அவர் பதிலுக்கு எதை எடுத்துவிடுவாரோ என்ற பயம். மற்ற பத்துப் பேருக்கும் அதே பயம். தொடங்க ஒருத்தி வேண்டும். பதினொரு தலைகளும் ஒவ்வொன்றாகத் திரும்பித் தூணைப் பார்த்தன. அவர்களைப் பார்த்து மற்ற ஜனமும் திரும்பியது.

ரக்கேலே தூணுக்கு நடந்து வந்தாள். மூன்று அடி தள்ளி நின்றாள்.

"ஆரம்பிச்சு விடு எர்சிலியா. நேரம் போகுது."

"எங்க உக்காந்து?"

"உக்கார வேணாம். இங்கயே நின்னு சொல்லு. உன் தொண்டைக்கு இங்கேர்ந்தே கேக்கும்."

"என் நாற்காலி எங்க?"

ரக்கேலே கையைப் பிசைந்தாள். "அவங்கல்லாம் பயப்படறாங்கடி. நான் என்ன செய்யட்டும். காலையில ஆஸ்பத்திரியிலேர்ந்து ஆள் வந்து சொல்லிட்டுப் போனான், அவருக்கு நாடி எறங்கிட்டே இருக்காம். இன்னிக்கு இளகலேன்னா அவர் இல்ல. எனக்குத் தெரியும். உன் கால்ல வேணா விழறேன்."

"தொட்டாத்தான் ஒட்டிக்குமே தோன்னா. எப்படி விழுவீங்க?"

குனியப் போன ரக்கேலே நிமிர்ந்துவிட்டாள்.

"தொண்டை மட்டும் வேணும். தொண்டைக்குச் சொந்தக்காரி வேணாம்" என்றாள் எர்சிலியா. "அன்னிக்குத் தொட்டியக் கவுத்தீங்களே, அப்ப இந்தத் தொண்டை இருக்கிறது ஞாபகம் இல்லியா?"

"தப்புதான். திட்டு. என்னையும் சேத்துத் திட்டு. ஆனா அவரத் திட்டி இளக வை."

எர்சிலியா பீடத்தைப் பார்த்தாள். பத்து நாளுக்கு மேலாகச் சேர்த்துவைத்தது முழுவதும் நெஞ்சில் நின்றது. வார்த்தை வரிசைகூடத் தயாராக இருந்தது. தொட்டியில் தொடங்கி, கயிற்றுக்குப் போய், குழாயில் முடிப்பது. அந்த மஞ்சள் முகம் எப்போதும்போல் நேரே பார்த்துக்கொண்டிருந்தது. தொட்டியை இவனா கவிழ்த்தான் என்று அவளுக்குத் தோன்றியது. கயிற்றை இவனா அறுத்தான். குழாயை இவனா கடலில் விட்டான். கப்பல் எரிந்தபோது ஓடுங்கள் என்று சொல்லவேண்டியவன் இவனா. இருபத்தெட்டு வருஷமாக யார் யார் செய்ததையோ கொண்டுவந்து இவன் தலையில் கட்டியிருக்கிறோம். ஏன்? இவன் திருப்பி அடிக்கமாட்டான். இவன் வாசலில் போலீஸ்காரன் நிற்கமாட்டான். அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்ட அடுத்த நிமிஷம், உச்சந்தலைவரைக் கோபம் ஏறியது. அவள் இத்தனை வருஷத்தில் பட்ட எந்தக் கோபமும் அதற்கு ஈடில்லை.

அவள் தூணைவிட்டு நடந்தாள். ஜனம் விலகி வழிவிட்டது. ரக்கேலே பின்னாலேயே வந்தாள். மற்ற பத்துக் கிழவிகளும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தி, "வந்துட்டா" என்று சிலுவை போட்டுக்கொண்டாள். எர்சிலியா கம்பி அழியை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"மஞ்ச மூஞ்சி" என்றாள். தெருமுனையில் சிப்பி விற்கிற அதே குரல். கூரைவரை போய்த் திரும்பி வந்தது. "இருபத்தெட்டு வருஷமா உன்னத் திட்டினேன். கூரை ஒழுகினதுக்குத் திட்டினேன். தண்ணி வராததுக்குத் திட்டினேன். என் புருஷன் எரிஞ்சு செத்ததுக்குத் திட்டினேன். ஒண்ணுகூட நீ செஞ்சதில்ல. செஞ்சவன் ஒவ்வொருத்தன் பேரும் எங்களுக்குத் தெரியும். அவன் வீட்டு வாசல்ல போய்க் கத்த எங்களுக்குத் துப்பு இல்ல. அதான் உங்கிட்ட வந்து கத்தினோம்."

முன்வரிசையில் ஒருத்தி வழக்கப்படி, "ஆமா, கேளு" என்று பின்பாட்டுப் பாடிவிட்டு, பக்கத்தில் இருந்தவளின் முழங்கை பட்டதும் நிறுத்திக்கொண்டாள்.

"இன்னிக்கு உன்னத் திட்டமாட்டேன்" என்றாள் எர்சிலியா. "நீ செய்றது ரொம்பச் சரி. பக்கத்துல உக்கார வச்சுக்க மாட்டாங்களாம், ஆனா தொண்டை மட்டும் வேணுமாம். இவங்களுக்காக இளகாத. கல்லாவே இரு."

உறவுக்காரி ஒருத்தி புனிதரிடம் இளகாதே என்று சொன்னதை அந்த ஊர் அதுவரை கேட்டதில்லை. குருவானவரின் கையில் இருந்த குப்பி அப்படியே நின்றது. ரக்கேலே கம்பி அழியோரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்தபோது எர்சிலியாவுக்குச் சுருக்கென்றது. லிபோரியோ அண்ணன் நல்ல மனிதர். நாற்பத்து மூன்றில், அடையாளம் தெரியாமல் கரிந்து வந்த புருஷனைப் பெட்டியில் வைக்குமுன் அவர்தான் வந்து, மிச்சமிருந்த தலைமுடியைச் சீவி, முகத்தைத் துடைத்துவிட்டார். அவருக்காகவாவது ஒரு வார்த்தையை மாற்றிச் சொல்லலாம். எர்சிலியா ஒரு கணம் நின்றாள். வார்த்தை வரவில்லை. வரவழைக்கவும் அவள் முயலவில்லை.

திரும்பி நடந்தாள். அவளுக்குப் பின்னால் பதினொரு பேரும் ஒரே நேரத்தில் பழிக்கவும் அழவும் கெஞ்சவும் தொடங்கினார்கள். எது புனிதருக்கு, எது அவளுக்கு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே படிக்கட்டு நிறைய ஜனம். உள்ளே வரப் பயந்து, வெயிலில் நின்று சேதிக்குக் காத்திருந்தார்கள். இளகினால் உள்ளேயிருந்து வெள்ளைக் கைக்குட்டை ஆட்டுவார்கள், அதற்காக எல்லாக் கண்ணும் வாசலில் இருந்தது. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த ஒரு கிழவர், வாசலைத் தாண்டி வந்த முதல் ஆளான எர்சிலியாவை மறித்தார்.

"என்னம்மா ஆச்சு? இளகிருச்சா?"

"இல்ல. வேணாம்னு நான்தான் சொல்லிட்டு வரேன்."